வானத்துக் குப்பையை யார் அள்ளுவது?

இன்று கொஞ்சம் விண்வெளி வரலாறு.

1958 மார்ச்சில் அமெரிக்கா வான்கார்டு 1 என்ற செயற்கைக்கோளை ஏவியது. எடை ஒன்றரைக் கிலோ. 1964-இல் அதன் குரல் அடங்கிவிட்டது. ஆனால் அது இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 300 கிலோமீட்டர் உயரத்தில் கிடப்பவற்றை அங்குள்ள மெல்லிய காற்று சீக்கிரம் கீழே இழுத்து எரித்துவிடும். 800 கிலோமீட்டருக்கு மேலே என்றால் நூறாண்டுக்கு மேலும் ஆகலாம்.

மோதலில் சிதறும் துண்டுகள் அடுத்தடுத்த மோதல்களை உண்டாக்கும் என்று 1978-லேயே நாசா விஞ்ஞானிகள் டொனால்டு கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பாலேயும் எழுதினார்கள். 2007-இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் உடைத்தது. கண்காணிக்கத்தக்க துண்டுகள் மட்டும் 3,000-க்கு மேல். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே அமெரிக்காவின் இரிடியம் 33-உம் செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251-உம் மோதி நொறுங்கின. நமக்கும் இதில் பங்குண்டு. 2001-இல் ஏவிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசிக் கட்டம் சுற்றுப்பாதையிலேயே வெடித்துச் சிதறியது.

சரி, போய் அள்ளி வந்தால் என்ன? அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1967 விண்வெளி உடன்படிக்கையின்படி, ஏவிய பொருள் செத்துப் போனாலும் உடைமை மாறாது. சொந்தக்கார நாட்டின் அனுமதி இல்லாமல் மற்றவர் தொட முடியாது. செத்த கோளைப் பிடித்து இழுக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, உயிருள்ள கோளையும் இழுக்கத் தெரியும் அல்லவா? அந்தச் சந்தேகமும் நாடுகளுக்குள் உண்டு.

அதனால்தான் 2024-இல் ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் தன் நாட்டுப் பழைய ராக்கெட் பாகத்தையே தேர்ந்தெடுத்தது. சுமார் 15 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்தது, இறக்கவில்லை. ஐரோப்பாவின் 8 டன் என்விசாட், 2012-இல் தொடர்பு அறுந்தபின் இன்னும் மேலேதான் கிடக்கிறது.

மகிழ்ச்சியான செய்தியும் ஒன்று. 2023 மார்ச் 7 அன்று இஸ்ரோ, தன் மேகா-டிராபிக்ஸ் கோளை மீதமிருந்த எரிபொருளைக் கொண்டே படிப்படியாக இறக்கி, பசிபிக் கடலுக்கு மேல் எரியவிட்டது. அந்த எரிபொருள் மிச்சம் இருந்ததால்தான் முடிந்தது. என்விசாட்டைப் போலத் தொடர்பு அறுந்திருந்தால் அதுவும் குப்பைதான். ஆகவே அள்ளும் வேலையை ஏவும்போதே திட்டமிட வேண்டும். போட்டவரே எடுக்க வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: போட்டவர் எடுக்க மறுத்தால் என்ன செய்வது? அவர்கள் சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்கள், படிக்க ஆவலாய் இருக்கிறேன்.