மறக்க விடாத வண்டி: மைசூரு ஜாவாவும் ஊர்ச்சாலைகளும்

பெங்களூருவிலிருந்து மைசூருக்குச் செல்லும் புதிய விரைவு நெடுஞ்சாலை 2023 மார்ச் மாதம் திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதன் மைய வழித்தடத்தில் இரு சக்கர வாகனங்கள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. சொல்லப்பட்ட காரணம் நியாயமற்றதன்று. திறந்த சில மாதங்களிலேயே அச்சாலையில் உயிரிழப்புகள் மிகுந்தன. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார்களுக்கிடையே நாற்பதில் செல்லும் மொபெட் பிழைப்பது அரிது. ஆயினும் அந்தத் தடைப் பலகையைப் பேருந்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு முரண் உறுத்துகிறது. அச்சாலை சென்றடையும் ஊர், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் மோட்டார் சைக்கிள்களைச் செய்து நாடெங்கும் அனுப்பிய ஊர்.

ஆய்வுப் பணிக்காக மாதம் ஒருமுறையேனும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவன நூலகத்துக்கு மைசூரு செல்பவள் நான். ஓசூரில் சித்தப்பா ஓட்டிய பழைய யெஸ்டி ரோட்கிங் இரண்டாண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. அதன்பின் பேருந்துப் பயணங்கள் குறைந்தன. ஆய்வேட்டுக்குச் சற்றும் தொடர்பற்ற இந்தக் குறிப்புகள் பெருகின. பதிவு நீண்டது. பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

ஜாவா என்ற பெயர் இந்தோனேசியத் தீவிலிருந்து வந்ததன்று. செக்கோஸ்லோவாகியாவில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திய ஃபிரான்டிஷெக் யானெசெக், 1929-இல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடம் மோட்டார் சைக்கிள் வடிவமைப்பின் உரிமையை வாங்கினார். இரு பெயர்களின் முதல் அசைகளும் இணைந்து ‘யாவா’ ஆயின. ரோமன் எழுத்தை ஆங்கில முறைப்படி வாசித்த நாம் அதை ‘ஜாவா’ ஆக்கினோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நிறுவனம் அரசுடைமை ஆயிற்று. இந்தியாவில் அதன் வண்டிகளை இறக்குமதி செய்து விற்றவர்களுள் பம்பாயின் இரானி குடும்பத்தினர் முதன்மையானவர்கள். 1950-களில் முழு வண்டிகளின் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபோது, விற்றவர்களே செய்பவர்களாக மாற வேண்டியதாயிற்று. ஜெயசாமராஜ உடையாரின் ஆதரவுடன் மைசூரு யாதவகிரியில் ‘ஐடியல் ஜாவா’ ஆலை எழுந்தது; 1960-களின் தொடக்கத்தில் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. சோஷலிச நாட்டின் வடிவமைப்பு, ஜரதுஷ்டிர வணிகக் குடும்பத்தின் முதலீடு, முன்னாள் மன்னரின் நல்லாசி, கன்னடத் தொழிலாளரின் உழைப்பு. நேரு காலத்துத் தொழில்மயமாக்கலை வகுப்பில் விளக்க இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1973 முதல் வண்டியின் பெயர் ‘யெஸ்டி’ ஆயிற்று. மொழியியல் மாணவர்களுக்கு விருந்து இங்கேதான். இப்பெயருக்கு இரு வேர்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஜரதுஷ்டிரர்களின் பழம்பெரும் நகரமான ஈரானின் யஸ்த். மற்றொன்று, செக் மொழியின் ‘யெஸ்தி’ என்ற வினைமுற்று. ஸ்லாவிய மொழிகளில் இயக்க வினைகள் இணை இணையாக வரும். செக்கில் ‘யெதெ’ என்றால் ஒருவர் இப்போது ஒரு திசை நோக்கி வண்டியில் சென்றுகொண்டிருக்கிறார் என்று பொருள். ‘யெஸ்தி’ என்றால் வழக்கமாக, அங்கும் இங்குமாக, சென்று திரும்புகிறார் என்று பொருள். தமிழில் ‘போகிறான்’ என்ற ஒரே வடிவம் இரண்டையும் சுமக்கும். இரு வேர்களில் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மும்பை இரானி காதுக்கும் பிராகாவின் காதுக்கும் ஒருசேரப் பொருள் தந்ததே அப்பெயரின் வலிமை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மைசூரு வழியே போய் மாலையில் வீடு திரும்பும் கூட்டத்துடன் ஒருமுறை சென்றவர்களுக்கு இரண்டாம் வேர்மீதுதான் மனம் சாயும்.

வண்டியைப் பற்றிச் சிறிது. 250 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டர் ஒன்றாயினும் சைலன்சர் இரண்டு. கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல்: நிமிர்த்தினால் கிக்கர், மடக்கினால் கியர். பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்து ஊற்றவேண்டும். கலவை குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும். கூடினால் பின்னால் வருபவர் இருமுவார். பற்றவைப்புக்குரிய ‘பாயின்ட்’ அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்கவேண்டும். அது தவறினால் வண்டி நகராது. அதாவது ஓட்டுபவர் பாதி மெக்கானிக்காக இருந்தே ஆகவேண்டிய வண்டி இது.

1980-களின் நடுப்பகுதியில் ஜப்பானியக் கூட்டுறவுடன் நூறு சிசி வண்டிகள் வந்தன. ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தது 1985-இல். யமஹா ஆர்எக்ஸ்100-உம் அதே ஆண்டு. ஃபோர்-ஸ்ட்ரோக் ஹீரோ ஹோண்டாவின் புகழ்பெற்ற விளம்பரம், பெட்ரோலை நிரப்பிவிட்டு மூடியை மூடிவிட்டு வண்டியை மறந்துவிடலாம் என்ற பொருளில் அமைந்தது. ‘மறந்துவிடலாம்’ என்பது எத்துணைப் பெரிய வாக்குறுதி என்பதை யெஸ்டி ஓட்டியவர்களே அறிவர். எரிபொருள் விலையும், பின்னர் கடுமையான புகை விதிகளும் எஞ்சியதை முடித்தன. 1996-இல் மைசூரு ஆலையில் உற்பத்தி நின்றது.

வரலாற்று நோக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பின் நிகழ்ந்தது. ஆலை இயங்கிய காலத்திலும் இந்தியாவில் மோட்டார் கிளப்புகள் இருந்தன. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை எண்ணிப் பாருங்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் அது நடத்திய பந்தயங்களுக்குத் தெற்கெங்குமிருந்து மக்கள் திரண்டனர். அவை வேகத்தைச் சுற்றி எழுந்த அமைப்புகள். ஜாவா-யெஸ்டி கிளப்புகள் அவ்வாறு எழவில்லை. ஆலை மூடி, விற்பனையகங்கள் மறைந்து, உதிரிபாகங்கள் அருகிய பிறகே அவை பெங்களூருவிலும் பிற நகரங்களிலும் வேரூன்றின. யாரிடம் பழைய கிராங்க் இருக்கிறது, ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையில் பிஸ்டன் ரிங் கிடைக்கும், எந்த மெக்கானிக் இன்னும் கைநடுக்கம் இல்லாமல் பாயின்ட் வைக்கிறார் என்ற தகவல் பரிமாற்றமே அவற்றின் முதல் பணி. தோழமை பின்னால் வந்தது. ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா நாள் கொண்டாடும் கூட்டத்தைக் கண்டு, பழமைமீது மோகம் கொண்ட நடுத்தர வர்க்கத்தின் விளையாட்டு இது என்று எள்ளிய நண்பர்கள் உண்டு. அவ்விமர்சனத்தில் பாதி உண்மை. மறுபாதி, மோகத்தைவிடப் பழையது: பற்றாக்குறை.

ஊர்ச்சாலையும் அப்படியே. மேலைநாட்டுப் பயண எழுத்துகளில் சிறுசாலை என்பது நெடுஞ்சாலையை வேண்டாமென்று ஒதுக்கியவரின் தேர்வு. இங்கே அது முதலில் தேர்வன்று. நாற்பதாண்டு வயதான எஞ்சினை மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் விரட்டினால் சூடேறும். அதற்கு வளைவும் வேகத்தடையும் தேநீர்க் கடையும் வேண்டும். 2023-க்குப் பின்னர் சட்டமும் அதையே சொல்லிவிட்டது. விரைவுச்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோடு இருக்கிறது என்பது உண்மை. அதில் போய்ப் பார்த்தவர்கள் மறுமுறை கனகபுரா வழியைத்தான் கேட்பார்கள்.

சென்ற மாதம் அவ்வழியே பதினொரு வண்டிகளுடன் சென்றேன். கனகபுரா, சாத்தனூர், ஹலகூர், மளவள்ளி, பன்னூர், மைசூரு. கனகபுரா கடந்ததும் மல்பெரித் தோட்டங்கள். பட்டுப்புழுக்களுக்கான தழையைக் கட்டுக்கட்டாக மொபெட்டில் ஏற்றிச் செல்பவர்கள். மளவள்ளிக்கு அப்பால் நிலம் தாழ்ந்து, காவிரிக் கால்வாய்களின் ஈரம் காற்றில் சேரும். நெல்லும் கரும்பும் சாலையின் தோள்வரை வரும். டூ-ஸ்ட்ரோக் புகையின் மணமும் வெல்லம் காய்ச்சும் ஆலைகளின் மணமும் கலந்து முகத்தில் அடிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு ஆய்வுச் சொல் எதுவும் என்னிடம் இல்லை. தலைக்கவசத்துக்குள் தனியே சிரித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஹலகூருக்குச் சற்று முன் என் வண்டி நின்றது. கிளப்பில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: வழி தெரிந்தவர் முதலில் செல்வார், கைவேலை தெரிந்தவர் கடைசியில் வருவார், அவரை யாரும் பின்தள்ளக் கூடாது. அன்று கடைசியாக வந்தவர் அறுபது வயதைக் கடந்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். “ஏனாய்த்தம்மா?” என்று கேட்டவாறே இறங்கினார். பதிலுக்குக் காத்திராமல் மூடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த உப்புத்தாளால் பாயின்ட்டைத் தேய்த்து, பிளேடு ஒன்றை நுழைத்து இடைவெளியைச் சரிபார்த்தார். பத்து நிமிடம். ‘இதைக் கற்றுக்கொள்ளாமல் இனி வராதே’ என்று கடிந்துகொண்டது மட்டும் கன்னடத்தில். மளவள்ளியில் மற்ற ஒன்பது பேரும் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தாமதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இட்லி ஆறிவிட்டது என்பது மட்டுமே அவர்களின் வருத்தம்.

அந்தப் பதினொருவரில் பெண் நான் ஒருத்தியே. இதையும் பதிந்தாக வேண்டும். பூனேயில் 2011-இல் பைக்கர்னி என்ற பெண் ஓட்டுநர் அமைப்பு தனியே தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கிளப்புகளின் அன்பு பெரும்பாலும் தந்தை மகளிடம் காட்டும் அன்பு. உப்புத்தாளைக் கையில் தருவதற்கு முன் வேலையையே முடித்துவிடும் அன்பு. அன்று எனக்கு அது தேவைப்பட்டது என்பதால் அதன் எல்லை எனக்குத் தெரியாமல் இல்லை.

மற்றோர் எல்லை மைசூரில் தெரிந்தது. முன்பு யாதவகிரி ஆலையில் பணிபுரிந்த முதியவர் ஒருவரின் வீட்டுக்குச் செல்வது அக்கூட்டத்தின் வழக்கம். வாசலில் என் வண்டியின் ஓசையைக் கேட்டதுமே கார்புரேட்டரில் கலவை மிகுதி என்றார். எஞ்சின் எண்ணைத் தடவிப் பார்த்தார். அவர் பணி கிராங்க் பொருத்தும் பிரிவில். எத்தனை கிராங்குகள் அவர் கையைக் கடந்தன என்ற கணக்கு அவரிடம் இல்லை, கேட்டவரும் இல்லை. அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: இத்தனை வண்டிகளையும் வார இறுதியில் மட்டுமா ஓட்டுகிறீர்கள்? ஆம் என்றதும் சிறிது நேரம் பேசவில்லை. பால் கேன் கட்டவும் குடும்பத்தோடு ஊருக்குப் போகவும் வாங்கப்பட்ட வண்டிகளாகவே அவர் அவற்றை அறிந்திருந்தார்.

2018-இல் ஜாவாவும் 2022-இல் யெஸ்டியும் வேறொரு நிறுவனத்தின் வழியாகப் புதிய வண்டிகளாய் மீண்டன. ‘யெஸ்டி’ என்ற பெயர் யாருக்குரியது என்ற வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒரு சொல்லின் உடைமைக்காக இத்தனை ஆண்டுகள் வாதாடும் சமூகம், அச்சொல் பொறித்த எஞ்சினைப் பொருத்தியவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்ய ஓர் ஒலிப்பதிவுக் கருவியையேனும் அனுப்பலாம். கிளப்புகள் உதிரிபாகங்களைக் காத்தன. அதற்கு நன்றி உண்டு. வாய்மொழியைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. அவருக்கு எழுபத்தொன்பது வயது. தொழில் வரலாறோ வாய்மொழி வரலாறோ பயிலும் மாணவர்கள் ஆர்வமிருந்தால் எனக்கு உட்பெட்டியில் எழுதுங்கள். அவருடைய ஒப்புதலைக் கேட்டிருக்கிறேன். கன்னடம் அறிந்தவராக இருத்தல் நலம்.

திரும்பும் வழியில் சாத்தனூரில் இருட்டிவிட்டது. பட்டுக்கூடு ஏற்றிய மொபெட் ஒன்று சங்கிலி அறுந்து ஓரமாக நின்றிருந்தது. உப்புத்தாள்காரர் வண்டியை நிறுத்தினார். மற்றவர்களும் நிறுத்தினார்கள். இம்முறை திருப்புளியைப் பிடித்தது நான்.