அச்சுறுத்துவோர் யார்? அமெரிக்கப் பாடசாலைப் பாதுகாப்பு உடன்படிக்கைகளின் வரலாறு

பாடசாலையில் பிள்ளைகள் பாதுகாப்பாக இருத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், 'பாதுகாப்பு' என்ற சொல்லை யார் பயன்படுத்துகின்றனர், எவருக்கு எதிராகப் பயன்படுத்துகின்றனர் என்ற வினாவை எழுப்பும்போதே அச்சொல்லின் வரலாறு நமக்குப் புலனாகத் தொடங்குகின்றது. இன்று ஐக்கிய அமெரிக்காவிலே கல்விச் சபைகளும் பொலிஸ் திணைக்களங்களும் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளில் 'அச்சுறுத்தல் மதிப்பீடு' என்றோர் ஏற்பாடு இடம்பெறுகின்றது. ஒரு மாணவனின் பேச்சோ எழுத்தோ நடத்தையோ பிறருக்குத் தீங்கு நேரும் என்ற ஐயத்தை எழுப்புமாயின், ஆசிரியர், உளவளத் துணையாளர், நிர்வாகி, பொலிஸ் அதிகாரி முதலியோர் அடங்கிய குழுவொன்று அதனை ஆராய்ந்து முடிவு காண்பதே அவ்வேற்பாடாகும். இது தோன்றிய வரலாற்றையும், அதனுள் அடங்கியுள்ள முரண்பாட்டையும் ஈண்டு நோக்குவோம்.

பாடசாலை வாயிலில் ஆயுதந் தாங்கியோர் நின்ற காட்சிகளுள் உலகறிந்தது 1957ஆம் ஆண்டு ஆர்க்கன்சோ மாநிலத்தின் லிட்டில் றொக் நகரிலே நிகழ்ந்ததாகும். வெள்ளையர் மட்டுமே பயின்ற மத்திய உயர்நிலைப் பாடசாலையிற் சேர ஒன்பது கறுப்பின மாணவர் உரிமை பெற்றிருந்தனர். மாநில ஆளுநர் ஓர்வல் போபஸ் அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத் தொடக்கத்தில் தேசிய காவற் படையை வரவழைத்து அம்மாணவரைத் தடுத்தார். அதற்கு அவர் கூறிய காரணம், கலவரம் மூளும் அபாயம் உண்டு என்பதாகும். கலவரம் செய்ய முனைந்தோர் வெள்ளைக் கும்பலினர். தடுக்கப்பட்டோரோ புத்தகங்களுடன் வந்த ஒன்பது பிள்ளைகள்! செப்ரெம்பர் 25ஆம் நாள், ஜனாதிபதி ஐசன்ஹோவர் அனுப்பிய மத்திய அரசின் படையினர் சூழவே அவர்கள் வகுப்பறைக்குட் செல்ல முடிந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அமைதியின்மையைக் காரணங் காட்டி, இன ஒருமைப்பாட்டை இரண்டரை ஆண்டுகள் ஒத்திவைக்குமாறு கல்விச் சபை நீதிமன்றை நாடியது. 1958 செப்ரெம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. பிறர் செய்யும் வன்முறைக்காகக் கறுப்பினப் பிள்ளைகளின் உரிமையைப் பலியிடுதல் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆளுநரோ நகரின் உயர்நிலைப் பாடசாலைகளை 1958-59ஆம் கல்வியாண்டு முழுவதும் மூடிவிட்டார். அபாயத்தை மதிப்பிடும் அதிகாரம் எவர் கையில் உள்ளதோ அவருடைய நலனே மதிப்பீட்டின் முடிவையும் உருவாக்கக் கூடும் என்ற உண்மையை இந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகின்றது.

இனி, இக்காலத்து மதிப்பீட்டு முறையின் பிறப்பைக் காண்போம். 1994இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, பாடசாலைக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டுக்கு விலக்க வேண்டுமென விதித்தது. கொடிய ஆயுதத்துக்கென எழுந்த இவ்விதியின் போக்கிலே பல மாநிலங்களும் கல்விச் சபைகளும் சிறு குற்றங்களுக்கும் தயவு தாட்சணியமற்ற தண்டனையை விரித்துக்கொண்டன. 1999 ஏப்ரில் 20ஆம் நாள் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பாடசாலையில் இரு மாணவர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் அன்றே உயிரிழந்தனர். நாடெங்கும் அச்சம் பரவியது. 'கொலைகாரனாக மாறப்போகும் மாணவனின் அடையாளம் என்ன?' என்று பெற்றோரும் ஆசிரியரும் வினவலாயினர்.

அவ்வினாவுக்குக் கிடைத்த விடை எதிர்பாராதது. ஜனாதிபதியைப் பாதுகாக்கும் இரகசியச் சேவைப் பிரிவினர், பிரமுகர்களைக் கொல்ல முயன்றோர் பற்றி முன்னரே ஓர் ஆய்வு நடத்தியிருந்தனர். அம்முறையைப் பின்பற்றி, கல்வித் திணைக்களத்துடன் இணைந்து, 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 பாடசாலைத் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டனர். தாக்கியோர் 41 பேர். அவர்களைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டும் பொது அடையாளம் எதுவுமில்லை என்பது அறிக்கையின் முதன்மையான முடிவு. நன்கு படித்தோரும் படிப்பிற் பின்தங்கியோரும், நண்பர் சூழ வாழ்ந்தோரும் தனித்திருந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஆனால், பெரும்பாலான நிகழ்ச்சிகளில் வேறொருவருக்கேனும் திட்டம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. தாக்கியோரிற் பலர் பிறரால் துன்புறுத்தப்பட்டு மனம் நொந்திருந்தனர். மூன்றில் இரு பங்கினர் துப்பாக்கியைப் பெற்றது தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ ஆகும்.

ஆகவே, மாணவன் எத்தகையவன் என்று முத்திரை குத்துவதை விடுத்து, அவன் என்ன செய்ய முற்படுகின்றான், எதனால் அந்நிலைக்குத் தள்ளப்பட்டான் என்று விசாரிப்பதே தக்கது என்ற கருத்து வலுப்பெற்றது. வேர்ஜீனியாப் பல்கலைக் கழகத்து உளவியலறிஞர் டூவி கோர்னெலும் அவர்தம் குழுவினரும் வகுத்த நெறிமுறை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. கோபத்தில் வாய் தவறி வரும் சொல்லையும், திட்டமிட்ட மெய்யான அச்சுறுத்தலையும் அவர்கள் வேறுபடுத்தினர். முதன்முதலாக 35 பாடசாலைகளில் இது பரீட்சிக்கப்பட்டபோது பதிவான 188 அச்சுறுத்தல்களுள் ஏறத்தாழ 70 சதவீதம் விளக்கத்தாலும் மன்னிப்பாலும் தீர்ந்துபோகக் கூடிய முதல் வகையினவே. தண்டனை விதியோ இவ்விரு வகையையும் ஒரே தராசில் நிறுத்தியது. அந்த அளவில், அச்சுறுத்தல் மதிப்பீடு மாணவனுக்கு நீதி வழங்கப் பிறந்த முறை என்றே கூறல் வேண்டும்.

மௌனத்தின் விலையையும் நாம் மறத்தலாகாது. 2007 ஏப்ரில் 16ஆம் நாள் வேர்ஜீனியா தொழினுட்பப் பல்கலைக் கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டனர். கொலை புரிந்த மாணவனைப் பற்றிப் பேராசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் பொலிசாருக்கும் துண்டு துண்டாகச் செய்திகள் தெரிந்திருந்தன. அவற்றை ஒன்றுசேர்த்து நோக்குவார் இலர். தனியுரிமைச் சட்டங்கள் இடந்தரா என்ற தவறான எண்ணமும் இதற்குக் காரணமாயிற்று. அடுத்த ஆண்டே அம்மாநிலம் தன் அரச பல்கலைக் கழகங்களில் மதிப்பீட்டுக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. 2013இல் பாடசாலைகளுக்கும் அதனை விரித்தது. 2018 பெப்ரவரியில் பார்க்லாண்ட் பாடசாலையில் 17 பேர் மாண்டதன் பின் புளோரிடாவும், 2019இல் ரெக்சாசும் அவ்வழியே சென்றன.

இவ்வாறு, பாடசாலையின் உள்ளே ஆசிரியர் கையாண்ட ஒரு விசாரணை முறை, படிப்படியாகப் பொலிசாருடன் செய்யும் உடன்படிக்கையின் ஒரு பிரிவாயிற்று. முரண்பாடு இங்கேதான் முளைவிடுகின்றது. ஆசிரியர் பிள்ளையைப் பற்றி அறிவது அவனை வளர்ப்பதற்காக. பொலிசார் அறிவது குற்றத்தைத் தடுப்பதற்காக. ஒரே தகவல் இரு கைகளில் இரு பொருள் தருகின்றது.

புளோரிடாவின் பாஸ்கோ மாவட்டம் இதற்குக் கண்கூடான சான்று. அங்குக் கல்விச் சபையிடமிருந்து பெற்ற புள்ளிகள், வரவு, ஒழுக்கப் பதிவுகள் ஆகியவற்றையும், பிள்ளைகள் வீட்டில் துன்புறுத்தப்பட்ட விபரங்களையும் ஷெரிப் அலுவலகம் ஒன்றிணைத்து, எதிர்காலக் குற்றவாளிகளாகக் கூடியோர் எனப் பட்டியல் தயாரித்தது. 2020இல் டாம்பா பே டைம்ஸ் பத்திரிகை இதனை அம்பலப்படுத்தும் வரை பெற்றோர் அதனை அறியார். அடிபட்டு வளர்ந்த பிள்ளை அடிபட்ட காரணத்தாலேயே சந்தேகத்துக்குரியவனாகிறான். வறுமையால் வகுப்புக்கு வராதவன் வராத காரணத்தாலேயே குறிக்கப்படுகிறான். சமுதாயம் இழைத்த தீங்கு அவன்மீதே குற்றச்சாட்டாகத் திரும்புகின்றது. எதிர்ப்பு எழுந்த பின் 2021இல் உடன்படிக்கை திருத்தப்பட்டது.

மினசோட்டாவின் சென் போல் நகரிலோ மக்கள் முன்கூட்டியே விழித்துக்கொண்டனர். நகர சபையும் ராம்சி மாவட்ட நிர்வாகமும் கல்விச் சபையும், பிள்ளைகளின் தகவல்களை ஒன்றுதிரட்டி ஆபத்துக்குட்பட்டோரை இனங்காண்பதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. உதவி செய்வதே நோக்கம் எனப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகள்மீது கணிதத்தின் பெயரால் நிரந்தர முத்திரை விழும் என்று பெற்றோரும் சமூக அமைப்பினரும் திரண்டு எதிர்த்தனர். 2019 தொடக்கத்தில் அவ்வுடன்படிக்கை கலைக்கப்பட்டது. அதிகாரிகளின் மேசையில் எழுதப்பட்டதை மக்களின் குரல் மாற்ற வல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு, மதிப்பீடே வேண்டாம் என்பதன்று. அறிந்தும் வாளாவிருத்தல் கொலைக்குத் துணை போதலாகும். ஆனால், உடன்படிக்கையொன்றில் எவை எழுதப்பட்டுள்ளன என்பதை ஆசிரியரும் பெற்றோரும் வரிக்கு வரி வாசித்தல் வேண்டும். விசாரணையை வழிநடத்துவோர் கல்வியாளரா, பொலிசாரா? எந்த எல்லையைத் தாண்டினால் மட்டும் தகவல் பாடசாலையை விட்டு வெளியேறும்? பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மறுமொழி கூற இடமுண்டா? ஐயம் தீர்ந்தபின் பதிவு அழிக்கப்படுமா, அன்றி அவன் வேலை தேடிச் செல்லும் நாள்வரை அவனைத் தொடருமா? இவற்றுக்கு விடை கூறாத உடன்படிக்கை எத்துணை அழகிய சொற்களால் ஆயினும் பிள்ளையைக் காக்கும் ஆவணமாகாது.

இன்னுமொன்று. தாக்கியோரிற் பெரும்பாலார்க்கு ஆயுதம் கிடைத்தது வீட்டு அலுமாரியிலிருந்து என்பதை 2002இலேயே அரச அறிக்கை எடுத்துக் கூறியது. ஆயினும் கல்விச் சபையும் பொலிசும் செய்யும் உடன்படிக்கை மாணவனின் மனத்தைத் துருவுமேயன்றி அந்த அலுமாரியைத் திறந்து பார்க்க வல்லதன்று. துப்பாக்கி விற்று இலாபமீட்டுவோர் எந்த மதிப்பீட்டுக் குழுவின் முன்னும் அழைக்கப்படுவதில்லை. லிட்டில் றொக்கில் கும்பலை விடுத்துப் பிள்ளைகளைத் தடுத்த அதே தர்க்கம் வேறு உருவில் இன்றும் உயிர்வாழ்கின்றது. அச்சுறுத்துவோர் யார் என்ற வினாவைப் பிள்ளையிடம் மட்டும் கேட்கும் சமுதாயம், அதற்குரிய விடையின் பாதியை மட்டுமே பெறும்.