இறகிலும் நாரிலும் கிறிஸ்துமஸ் மரம்

19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு பரவியதில் காடுகள் அடி வாங்கின. சின்ன வீட்டுக்கு முழு மரம் எதற்கு என்று, வளர்ந்த ஃபிர் மரங்களின் கொண்டையை மட்டும் வெட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. கொண்டை போன மரம் நெட்டுக்குத்தாக வளராது. பிற்பாடு பலகை அறுக்கவும் உதவாது. இந்தத் தட்டுப்பாட்டில்தான் கைவினைஞர்கள் மாற்று தேடினர். அதற்காகப் புதிய பொருள் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. வேறு தொழில்களில் ஏற்கெனவே புழங்கிய பொருளையும் கைப்பழக்கத்தையும் எடுத்து மரமாக்கினர். சிறிய அலங்கார மரங்களின் வரலாறு நெடுக இதுவே நடந்திருக்கிறது.

முதலில் கைக்கு அகப்பட்டது வாத்து இறகு. மெத்தைக்கும் தலையணைக்கும் எழுதுகோலுக்கும் அது பயன்பட்ட நாடு ஜெர்மனி. கிறிஸ்துமஸ் விருந்தில் பெரிய வாத்தை வாட்டிப் பரிமாறுவதும் உண்டு. ஆகவே இறகுக்குப் பஞ்சமில்லை. இறகின் நடுத்தண்டிலிருந்து ஒரு பக்கத்து இழைகளை, அடியிலுள்ள மெல்லிய தோலோடு சேர்த்து, வாழைமட்டையில் நார் உரிப்பதுபோல நீளமாக உரித்தார்கள். பச்சைச் சாயம் ஏற்றிய அந்தக் கீற்றைக் கம்பியின் நுனியில் தொடங்கி, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று சற்றே ஏறும்படி இறுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால், தோல் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். இழைகள் ஊசியிலைகளாக வெளியே விறைத்து நிற்கும். இப்படிச் செய்த கிளைகளின் அடிக்கம்பியை நடுக்கோலில் அடுக்கடுக்காகப் பொருத்தினால் மரம் தயார். கிளை நுனியில் சிவப்புப் பழம்போல ஒரு சிறு உருண்டை வைப்பார்கள், அல்லது மெழுகுவர்த்தி செருக ஒரு தகரப் பிடி. அடியில் வெள்ளை வண்ணம் பூசிய கட்டை.

அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு மரம் வறண்டு நிற்பதாகத் தோன்றலாம். ஆனால் ஜெர்மன் காட்டு ஃபிர் மரங்களின் கிளைகளும் அப்படித்தான் தட்டுத் தட்டாக விரியும். எரியும் திரியிலிருந்து மேல்கிளை தள்ளி நிற்பதும் அவசியம். கண்ணாடி உருண்டைகள் தாராளமாகத் தொங்கவும் இடம் கிடைத்தது. பொம்மை வீட்டுக்குள் வைக்கும் சில அங்குல மரம் முதல் ஆள் உயரத்தைத் தாண்டிய மரம் வரை செய்தார்கள். மேசைமேல் வைக்கும் அளவுதான் இந்தக் கைவினைக்கு மிகவும் பொருந்தியது.

ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் வேறு வழி பிறந்தது. அங்குள்ள சைஃபன் கிராமத்தில் வெள்ளீயச் சுரங்கம் 1849இல் நின்றுபோக, மக்கள் மரக்கடைசலையும் பொம்மைத் தொழிலையும் நம்பி வாழ்ந்தனர். லிண்டன் மரக்குச்சியை உளியால் மெல்லச் சீவி, சீவல் அறுந்து விழுமுன் கையை நிறுத்திவிட வேண்டும். அது சுருண்டு கிளையாக நிற்கும். சுற்றிலும் இப்படியே வரிசை வரிசையாகச் சீவினால் ஒட்டுப் போடாமல் ஒரே குச்சியில் மரம் உருவாகிவிடும். கை ஒரு நூல் பிசகினாலும் கிளை போயிற்று.

இறகு மரம் ஜெர்மானியக் குடியேறிகளோடு அமெரிக்காவுக்குப் போனது. 1913இல் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டு ஜெர்மனியிலிருந்து சரக்கு வருவது தடைபட்டது. இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஜப்பானியப் பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தன. கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கான, அபிரகம் தூவிய அட்டை வீடுகள் ஜப்பானிலிருந்து மலிவாக வந்தன. அவற்றின் வாசலில் நிற்கக் குட்டி மரங்களும் கூடவே வந்தன.

இந்த மரங்கள் பிரஷ் தொழிலின் பிள்ளைகள். பாட்டில் கழுவும் பிரஷ் செய்யும் முறைதான்: இரண்டு கம்பிகளுக்கு நடுவே கற்றாழை இனத்துச் சிசால் நாரைக் குறுக்காகப் பரப்பிக் கம்பிகளை முறுக்கினால், நார் சுழல்படியாக எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். மேலே குறுகலாகக் கத்தரித்து, பச்சைச் சாயம் போட்டு, நுனியில் வெள்ளை வண்ணம் தொட்டால் பனி படர்ந்த மரம். இறகுக் கிளையில் தொழிலாளியின் விரல்கள் ஒவ்வொரு சுற்றாகச் செய்த வேலையை இங்கே ஒரே முறுக்கு செய்துவிடுகிறது. விலை இறங்கியதற்கு இதுவே காரணம். அழகில் இறகு மரத்துக்கு இது ஈடில்லை என்றாலும், அட்டை வீட்டு வாசலுக்கு இது போதும்.

புகைபிடிக்கும் குழாயைத் துடைக்கும் பஞ்சுக் கம்பியும் இதே முறுக்கில்தான் உருவாகிறது. அந்தக் கம்பி கைவினைப் பொருளாகக் கடைகளுக்கு வந்த பின், பிள்ளைகள் அதைக் குச்சியில் சுருட்டியும் துண்டு துண்டாக வெட்டிக் கட்டியும் மரம் செய்கிறார்கள். இன்று பெட்டியில் மடித்து விற்கும் பிளாஸ்டிக் மரத்தின் கிளையிலும் நாருக்குப் பதில் மெல்லிய பிவிசி தாளைக் கீறி இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்து முறுக்குகிறார்கள்.