சோளம் கேட்டால் மக்காச்சோளமும் வருகிறது

கோவில்பட்டிக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விதைக்கிறவர்கள் பலர் ஒற்றைப் பயிரோடு நிற்பதில்லை. பருத்திக்கு நடுவே உளுந்து, சோளத்தோடு தட்டாம்பயறு என்று சேர்த்துப் போடுவார்கள். ஒன்று காய்ந்தாலும் மற்றது கைகொடுக்கும். அடங்கல் போன்ற சாகுபடிக் கணக்கைத் தரவுதளத்தில் ஏற்றும்போது, ஒரு புல எண்ணுக்கு உரிய பல பயிர்களை எங்கே வைப்பது?

எளிதாகத் தோன்றும் வழி, 'பயிர்' என்ற ஒரே கட்டத்தில் "மக்காச்சோளம், உளுந்து" என்று காற்புள்ளி போட்டு எழுதிவிடுவது. மற்றது, நிலத்துக்கு ஓர் அட்டவணை, சாகுபடிக்குத் தனி அட்டவணை என்று பிரிப்பது. அதில் புல எண், உட்பிரிவு, பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு), பயிர், பரப்பு என ஒவ்வொரு பயிருக்கும் ஒரு வரி.

முதல் வழியில் சோளம் போட்ட நிலங்களைத் தேடிப் பாருங்கள். 'மக்காச்சோளம்' என்ற சொல்லுக்குள்ளேயே 'சோளம்' இருப்பதால் இரண்டும் கலந்து வந்து விழும். நாட்டுச்சோளம் குறைந்து மக்காச்சோளம் பரவிய இந்த மண்ணில் இது சின்னப் பிழையல்ல. காற்புள்ளியையும் சேர்த்துத் தேடலாம்தான். ஆனால் ஒருவர் இடைவெளி விட்டிருப்பார், இன்னொருவர் விட்டிருக்க மாட்டார். ஒருவர் 'பயறு' என்பார், மற்றவர் 'பயிறு' என்பார். தனி அட்டவணையைப் பயிர்ப் பட்டியலோடு அயல்சாவியால் (foreign key) கட்டிவிட்டால், பட்டியலில் இல்லாத எழுத்து உள்ளேயே நுழையாது.

1970இல் எட்கர் காட் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தபோதே, கட்டத்துக்குள் இன்னொரு பட்டியல் ஒளிந்திருக்கக் கூடாது என்றார். அதன் அருமை பரப்பைக் கேட்கும்போது தெரியும். பயிர்க் காப்பீட்டுக்கு எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்று வேண்டும். அந்த அளவு நிலத்துக்கும் உரியதல்ல, பயிருக்கும் உரியதல்ல. இரண்டும் சேரும் இடத்துக்கு உரியது. காற்புள்ளிப் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது.

பயிர்1, பயிர்2, பயிர்3 என்று பத்திகள் வைப்பதும் நான்காவது பயிர் வரும்வரைதான். போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் உள்ள அணிவகைப் (array) பத்தி தேடலைச் சரிசெய்யும், பரப்பைச் சரிசெய்யாது. பிரித்து ஒருபோதும் கேட்கப்படாத குறிப்புகளுக்குக் காற்புள்ளி போதும். சாகுபடி அப்படிப்பட்டதல்ல.

தனி அட்டவணையிலும் ஓரிடத்தில் கவனம் வேண்டும். மழை பொய்த்து நிலம் தரிசாகக் கிடந்தால் அதற்குச் சாகுபடி வரியே இருக்காது. இன்னும் பார்வையிடாத நிலத்துக்கும் அப்படித்தான். இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே புல எண்ணும் உட்பிரிவும் பசலியும் கொண்ட, பார்வையிட்டதற்கான அட்டவணை ஒன்று வைத்து, பார்த்த தேதியை அதில் பதிய வேண்டும்.