லாஸ் மொழியும் அதன் எழுத்தும்

கருங்கடலின் தென்கிழக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வாழ்பவர்கள் லாஸ் மக்கள். துருக்கியின் ரிசே, அர்த்வின் மாநிலங்களில் பெரும்பாலோரும், ஜார்ஜியாவின் எல்லையூராகிய சார்ப்பியில் சிலரும் உள்ளனர். அவர்தம் மொழி லாஸுரி. அது துருக்கிய மொழிக்கு உறவுடையதன்று. ஜார்ஜியம், மிங்ரேலியம், ஸ்வான் ஆகியவற்றுடன் தென்காக்கேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மொழியில் ‘எச்சி’ என்றால் இருபது. நாற்பதை ‘இரண்டு இருபது’ என்றே எண்ணுவர்.

இம்மக்களின் பெயர் வரலாற்றில் பழமையானது. லாசிக்கா என்னும் அரசின் பொருட்டுப் பைசாந்தியமும் பாரசீகமும் 541 முதல் 562 வரை போரிட்டன. அப்போரைப் புரோக்கோப்பியஸ் கிரேக்க மொழியில் எழுதினார். லாஸ் மக்களைப் பற்றிப் பிறர் எழுதினர். அவர்தம் மொழியோ ஏட்டில் ஏறவில்லை. 1461-இல் திரெபிசோந்து ஒட்டோமானியர் வசமான பின்னர், இம்மக்கள் படிப்படியாக இசுலாத்தைத் தழுவினர். 1921-இல் வகுக்கப்பட்ட எல்லை சார்ப்பி ஊரையே இரண்டாகப் பிளந்தது. எல்லைக்கடவு 1988-இல்தான் திறக்கப்பட்டது.

இம்மொழியில் முதல் செய்தியேடு 1929-இல் சோவியத்து ஆட்சிக்குட்பட்ட சுகுமியில் வெளிவந்தது. இலத்தீன் எழுத்தில் அதனை வெளியிட்ட இஸ்கந்தர் சித்தாஷி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல்களும் இயற்றினார். ஸ்டாலினின் ஒடுக்குமுறைக் காலத்தில், 1938-இல், அவர் கொல்லப்பட்டார். அம்முயற்சியும் அவரோடு நின்றது. துருக்கியில் வாழ்ந்தோருக்கேற்ற புதிய எழுத்துமுறை 1984-இல் உருவாயிற்று. 1993-இல் இசுதான்புல்லில் ‘ஒக்னி’ என்னும் இதழ் தோன்றியது. ஹோப்பாவில் பிறந்த காசிம் கோயுஞ்சு, ‘கடலின் பிள்ளைகள்’ என்று பொருள்படும் பெயருடைய குழுவுடன் லாஸுரிப் பாடல்களை இளைஞரிடம் கொண்டு சென்றார்.

ஆயினும், எழுத்து வந்து சேர்வதற்குள் வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. துருக்கிக் குடியரசின் பள்ளிகளில் துருக்கியமே பயிற்றுமொழி. அங்கு லாஸுரி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டதும் உண்டு. தம் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கலாகாது என்றெண்ணிய பெற்றோர், தாமறிந்த மொழியைப் பிள்ளைகளிடம் பேசாது விட்டனர். அவர்களைக் குறைகூற இயலாது. அக்கறையே அவ்வாறு செய்வித்தது. யுனெஸ்கோ இன்று லாஸுரியைத் திண்ணமாக அழிவை எதிர்நோக்கும் மொழிகளுள் வைத்துள்ளது. வீட்டில் பிள்ளைகள் அதனைத் தாய்மொழியாகக் கற்பதில்லை என்பதே அவ்வகைப்பாட்டின் பொருள்.

2013 முதல் துருக்கிப் பள்ளிகளில் லாஸுரி விருப்பப் பாடமாக இடம்பெற்றுள்ளது. வாரத்திற்கு இரண்டு மணிநேரம். எந்தப் பள்ளி அம்மொழியை வீட்டிலிருந்து அகற்றத் துணைநின்றதோ, அப்பள்ளியே இன்று அதனைக் கற்பிக்க முன்வந்துள்ளது. இம்மாற்றத்தை நாம் சிறிதென ஒதுக்கலாகாது. எனினும், அந்த இரண்டு மணிநேரம் வீட்டுப் பேச்சுக்கு ஈடாகாது. வகுப்பறையில் கற்ற சொல்லைப் பிள்ளை மாலையில் பாட்டியிடம் சொல்லி, பாட்டி அதற்கு லாஸுரியிலேயே மறுமொழி கூறினால்தான் அப்பாடம் பயன்தரும். மொழி கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் லாஸ் மக்களின் வரலாற்றிலிருந்து அறிய வேண்டுவது இதுவே என்பது நம் துணிபு.