உளத்திண்மை

உளத்திண்மை என்பது, நெருக்கடி மிகுந்த சூழலிலும் உடல்நலமும் செயல்திறனும் குன்றாமல் ஒருவரைக் காக்கும் ஆளுமைப் பண்புகளின் தொகுதி. ஆளுமை உளவியல், நலவாழ்வு உளவியல் ஆகிய துறைகளில் இது ஆராயப்படுகிறது.

கூறுகள்: ஈடுபாடு (செய்வதில் ஒன்றி நிற்றல்), கட்டுப்பாட்டுணர்வு (விளைவை மாற்ற இயலும் என்னும் நம்பிக்கை), அறைகூவல் ஏற்பு (மாற்றத்தை வளர்ச்சிக்கான வாய்ப்பாகக் கருதுதல்) என மூன்று.

வரலாறு: அமெரிக்க உளவியலாளர் சுசான் கோபாசா 1979-இல் இக்கருத்தை வெளியிட்டார். இல்லினாய் பெல் தொலைபேசி நிறுவன மேலாளர்களிடம் உளவியலாளர் சால்வடோர் மேடி குழுவினர் நடத்திய நெடுங்கால ஆய்வு இதை விரிவுபடுத்தியது. இதனோடு தொடர்புடைய நெருக்கடிச் சமாளிப்பை, உளவியலாளர்கள் லாசரஸ், ஃபோக்மன் இருவரும் 1984-இல் சிக்கல் தீர்க்கும் முறை, உணர்ச்சியைத் தணிக்கும் முறை என வகுத்தனர்.

தமிழ்நாட்டில்: 2004 ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்ட தமிழகக் கடலோர மக்களைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வு, குடும்பமும் ஊரும் நம்பிக்கைகளும் மீட்சிக்குத் துணைநின்றதைப் பதிவுசெய்தது.

தாராபுரம் வட்டாரம்: அமராவதி ஆறு பாயும் இப்பகுதி, மழை குறைந்த மேட்டுநிலங்களையும் கொண்டது. இங்குள்ள உழவர்கள் கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கால்நடை வளர்த்து, மழை பொய்க்கும் ஆண்டுகளின் இழப்பைத் தாங்குகின்றனர். இது சிக்கல் தீர்க்கும் சமாளிப்பு முறைக்கு எடுத்துக்காட்டாகும்.

முக்கியத்துவம்: உளத்திண்மை பயிற்சியால் வளரக்கூடியது, எனினும் மருத்துவ உதவிக்கு மாற்றாகாது. மனநல ஆலோசனைக்கென 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.