தோட்டத்து லோரியும் தமிழ் இளைஞரும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் பால்மரத்தின் அடியிலிருந்தே தொடங்குவர். துரை, கிராணி, கங்காணி என மேலிருந்து கீழாக இறங்கிய அதிகாரத்தின் அடிப்படியில், கத்தியும் வாளியுமாக நின்ற தொழிலாளியே அவ்வரலாற்றின் தலைவன். அது முறையே. ஆயினும், அதே லயத்தில் பிறந்து, அதே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, பின்னர் மரத்தடியை விட்டு வண்டியின் இருக்கைக்கு ஏறிய இளைஞன் ஒருவனும் இருந்தான். தோட்டத்து லோரியை ஓட்டிய அவனைப் பற்றி நம்மவர் எழுதியது குறைவு. அவன் கதையை அறிதற்கு ஏற்ற களம் கோலசிலாங்கூரும் அதனையடுத்த வடசிலாங்கூர்த் தோட்டங்களுமாகும்.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. பட்டணத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே நெடுந்தொலைவு மண்பாதை. வெட்டிய பால் மரத்தடியில் நெடுநேரம் காத்திராது, உறைந்துவிடும். எனவே, காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தொழிலாளர் தோளில் சுமந்து வந்த பாலை, விரைந்து எடுத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டியதாயிற்று. தோட்டத்து வாழ்வில் லோரி இடம்பெற்றது இவ்வாறுதான்.

அவ்வண்டியைக் கண்டு மக்கள் நடுங்கிய காலமும் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் மரண இரயில் பாதைக்கு ஆள் சேர்த்தபோது, தோட்டத்துக்குள் நுழைந்த லோரிகள் எத்தனையோ குடும்பங்களின் ஆண்மக்களை ஏற்றிச் சென்றன. சென்றவருள் பலர் திரும்பவில்லை. தந்தையைக் கொண்டுபோன வண்டியின் சுக்கானைப் பின்னாளில் மகன் பிடிக்க விரும்பினான் என்றால், இடைப்பட்ட காலத்தில் தோட்டத்தின் நிலையில் பெரியதொரு மாற்றம் நேர்ந்திருக்க வேண்டும்.

அம்மாற்றத்தின் பெயர் செம்பனை. மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்ததும் இதே கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டில் தெனமாரம் தோட்டத்தில், பயன் தராத காப்பிக்கு மாற்றாகச் செம்பனையை நட்டார். தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆயினும், செம்பனை நாடெங்கும் பரவியது 1960களுக்குப் பின்னரே. செயற்கை ரப்பரின் போட்டியால் ரப்பர் விலை தளர, தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பால்மரத்தை வீழ்த்திச் செம்பனைக்கு மாறின.

இவ்விரு பயிர்களுக்குமுள்ள வேறுபாட்டில்தான் லோரி ஓட்டுநரின் உயர்வு அடங்கியிருக்கிறது. மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டாத நாளில் கூலியும் இல்லை. செம்பனையோ 10 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறை என ஆண்டு முழுதும் அறுவடை தருவது. அறுத்த குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்த்து நீராவியில் வேகவைத்தல் வேண்டும். தாமதித்தால், அடிபட்ட கனிகளில் கொழுப்பு அமிலம் பெருகி எண்ணெயின் தரம் கெடும். 100 கிலோ குலைக்கு ஏறத்தாழ 20 கிலோ எண்ணெயே கிடைக்கும் என்பதால், சுமக்க வேண்டிய பாரமோ மிகுதி. ஆகவே, ஓட்டுநர் வராத நாளில் தோட்டத்தின் உழைப்பு முழுவதும் பாதையோரத்தில் கிடந்து வீணாகும். கிராணியும் துரையும் வழிபார்த்துக் காத்திருக்கும் தொழிலாளி ஒருவன் தோட்டத்தில் உருவானது அப்போதுதான்.

அந்நிலையை அடைய இளைஞன் கடந்த வழி எளிதன்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுப் படிப்பு 12 வயதில் முடியும். 1965ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு நீங்கியபோதும், பட்டணத்துப் பள்ளியின் தொலைவும், புகுமுக வகுப்பின் புதிய மொழியும், வீட்டின் வறுமையும் பலரை இடைவழியிலேயே நிறுத்தின. மறுமுனையில், கனரக வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் விதித்த வரம்பு. பள்ளியை விட்ட சிறுவனுக்கும் உரிமம் பெறும் இளைஞனுக்கும் இடையே இவ்வாறு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. அவ்வெறுமையை நிரப்ப நாட்டிலோ தோட்டத்திலோ அவனுக்கென்று ஒரு தொழிற்கூடம் இருந்ததா? அரிதினும் அரிது. அவனுக்கு வாய்த்த பள்ளி, லோரியின் இடப்பக்க இருக்கை ஒன்றே.

ஓட்டுநரின் உதவியாளை இந்நாட்டில் ‘கெலிண்டான்’ என்பர். கூரிய இரும்புக் கம்பியால் குலையைக் குத்தி மேலே வீசுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, கயிறு இறுக்குவது, டயர் மாற்றுவது, பின்னோக்கி வரும் வண்டிக்குக் கைகாட்டுவது எல்லாம் அவன் வேலை. “அண்ணே” என்று அவனும், “தம்பி” என்று ஓட்டுநரும் அழைத்துக்கொள்ளும் உறவே அவ்விருவரின் பயிற்சி ஒப்பந்தம். பாடநூல் இல்லை, சான்றிதழ் இல்லை. எந்தச் சரிவில் எந்தக் கியர், மழையில் வழுக்கும் களிமண் பாதையில் எவ்வளவு பாரம் தாங்கும் என்பவற்றைக் கண்ணால் பார்த்தே அவன் கற்றான். தோட்டத்து மண்பாதையில் டிராக்டரை ஓட்டிக் கை பழகியவன், வயது வந்ததும் உரிமத் தேர்வுக்குச் சென்றான்.

உரிமம் கையில் கிடைத்த நாள், அவ்விளைஞனின் வாழ்வில் சிறப்புடைய நாள். தோட்டம் அவனுக்குத் தந்தவை யாவும் தோட்டத்தைச் சார்ந்தவை. வீடுகூட வேலையோடு கட்டுண்டது. உரிமமோ அவன் பெயரில் அரசு தந்தது. தோட்டத்து வாயிலுக்கு வெளியேயும் செல்லுபடியாவது. 1969ஆம் ஆண்டில் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, உரிய தாள் இன்மையால் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்ததைக் கண்ட சமூகம் அது. தன் பெயர் பொறித்த தாள் ஒன்றின் மதிப்பை அச்சமூகம் எவரும் சொல்லாமலே அறியும்.

அவ்வோட்டுநரைத் தோட்டத்து மக்கள் தம் பிள்ளையாகவே கருதினர். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும், தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குக் குடும்பங்களை ஏற்றிச் சென்றதும், பட்டணத்துப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்த்ததும் பல தோட்டங்களில் அந்த லோரியே.

எனினும், இதனைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் பொருந்தாது. நடைக்கணக்கில் கூலி பெற்றவன் ஓய்வைக் குறைத்தே வருவாயைக் கூட்டினான். மிகைப்பாரமும் தூக்கமின்மையும் குறுகிய சாலையும் சேர்ந்த இடத்தில் இளமையின் துணிச்சல் உயிருக்கே உலையாயிற்று. மேலும், அந்த இடப்பக்க இருக்கை ஆண்பிள்ளைக்கு மட்டுமே திறந்திருந்தது. அதே பள்ளியில் அதே ஆறாண்டு படித்த அவன் தங்கை, தாயின் கத்தியையே கையில் எடுத்தாள். அவளுக்குரிய தொழிற்பள்ளியைப் பற்றி எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் தோட்டங்களே கைமாறின. சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்டனர், மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய வடசிலாங்கூர்த் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் வேலையிழந்தபின் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் போராடியது யாவரும் அறிந்ததே. கோலாலம்பூரையும் கோலசிலாங்கூரையும் இணைக்கும் விரைவுச்சாலை 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பட்டணம் தோட்டத்தை நெருங்கியபோது, முப்பதாண்டு மரம் வெட்டிய கைக்குப் பட்டணத்தில் வேலையில்லை. ஓட்டுநருக்கோ துறைமுகமும் தொழிற்சாலையும் கற்சுரங்கமும் இடம் தந்தன. லயத்தை இழந்த குடும்பம், மகனின் உரிமத்தைக் கொண்டே வாடகை வீட்டில் அடுப்பேற்றியது.

இதில் பெருமையும் உண்டு, குற்றச்சாட்டும் உண்டு. எவரும் கற்பிக்காத தொழிலை ஓரிருக்கையில் அமர்ந்து கற்றுக் குடும்பத்தைக் காத்தது நம் இளைஞரின் பெருமை. ஒரு தலைமுறையின் தொழிற்கல்வி முழுவதையும் லோரியின் இடப்பக்க இருக்கைக்கே விட்டுவைத்தது, அவர்களின் உழைப்பால் வளர்ந்த தோட்டத்துறையின் குறை. கங்காணியின் பெயரையும் துரையின் பெயரையும் பதிவு செய்த வரலாறு, “அண்ணே” என்றழைக்கப்பட்ட அந்த ஆசிரியனுக்கும் ஓரிடம் ஒதுக்குதல் நன்று.